சிற்றிலாட்டம்: சொல் ஒன்று தேடிய மடல்கள்

பொருள்: 'பில்டிங் சிமுலேஷன்' விளையாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறுவர் இதழ் ஒன்றுக்குக் கணினி விளையாட்டு அறிமுகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டது 'ஸ்பெல்காஸ்டர் யுனிவர்சிட்டி'. ஸ்னீக்கி யாக் என்னும் ஸ்டுடியோ 2021இல் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு. மாயக்கலை கற்பிக்கும் பல்கலைக்கழகத்துக்கு நாம்தான் தலைவர். கட்டடத்தை நெடுக வெட்டி வைத்தாற்போல எல்லா அறைகளும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. மாணவர்களை நாம் இழுத்துப்போய் உட்கார வைக்க முடியாது. அறையைக் கட்டலாம், ஆசிரியரை அமர்த்தலாம். அதன்பிறகு அவர்கள் பாடு.

இரண்டு வார இறுதிகள் ஆடிய அளவில் பிடித்திருக்கிறது, எரிச்சலும் ஊட்டுகிறது. வேண்டிய அறையைக் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது என்பதுதான் இதன் குறும்பு. 'மானா' என்னும் மாய ஆற்றலைச் செலவழித்துச் சீட்டு எடுக்க வேண்டும். விரிகின்ற சீட்டுகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். நேற்று எனக்கு அவசரமாக ஒரு வகுப்பறை தேவைப்பட்டது. பிள்ளைகள் வந்து குவிந்துகொண்டிருக்கிறார்கள், விரிந்த சீட்டுகளில் வகுப்பறையே இல்லை. கிடைத்ததை எடுத்து ஒரு மூலையில் வைத்தேன். வைத்த பிறகு பார்த்தால் பக்கத்தில் எதுவும் நுழையாத ஓர் இடுக்கு மிஞ்சிவிட்டது. என் பல்கலைக்கழகத்தில் இப்போது அப்படி மூன்று இடுக்குகள் இருக்கின்றன. வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

இவ்வளவையும் கட்டி முடிக்கும் வேளையில் தீய பிரபு படையோடு வந்துசேர்வான். வரவைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. அவன் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறிடம் போய் மறுபடி முதல் கல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

சிக்கல் வகைப்பெயரில். இப்படிக் கட்டி நடத்திப் பார்க்கும் விளையாட்டுகளை ஆங்கிலத்தில் 'பில்டிங் சிமுலேஷன்' என்கிறார்கள். அகராதிகளில் சிமுலேஷனுக்கு 'உருவகப்படுத்தல்' இருக்கிறது. 'கட்டட உருவகப்படுத்தல் விளையாட்டு' என்று எழுதிப் பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு உருவகம் என்றால் முகமதி, பாதமலர். விளையாட்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். 'பாவனை விளையாட்டு' என்று போடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

செ., தாம்பரம்

*

தம்பிக்கு,

'பாவனை' மட்டும் வேண்டாம். உங்களுக்கு அது நடிப்பு, போலச் செய்தல். இலங்கையில் எங்களுக்கு அது அன்றாடப் புழக்கச் சொல்: பயன்பாடு. மருந்துப் போத்தலில் 'வெளிப்பாவனைக்கு மட்டும்' என்றிருக்கும். கணினியில் 'பாவனையாளர் பெயர்' கேட்கும். பாவித்த வாகனம் விற்பனைக்கு என்று விளம்பரம் வரும். 'பாவனை விளையாட்டு' என்று போட்டால், யாரோ விளையாடித் தீர்த்துக் கைமாற்றிக் கொடுத்த விளையாட்டு என்றுதான் இங்குள்ள பிள்ளைகள் நினைப்பார்கள். கடல் கடந்தும் வாசிக்கப்படும் இதழ் என்று போன முறை நீங்களே எழுதியிருந்தீர்கள்.

'மானா' அப்படியே இருக்கட்டும். அது பசிபிக் தீவுகளின் சொல். அங்கே அது பொருள்களிலும் ஆட்களிலும் உறையும் ஆற்றலைக் குறிப்பது. ஆங்கிலக்காரர் இரவல் வாங்கியதை நாமும் இரவல் வாங்கலாம். முன்பொரு தமிழாக்க வரைவில் அதை 'மானம்' ஆக்கியிருந்தார்கள். சீட்டு எடுக்கப் போனால் திரையில் 'உங்களிடம் போதிய மானம் இல்லை' என்று வந்தது. ஒரு கிழமை சிரித்தோம்.

வகைப்பெயருக்கு என்னிடம் ஆயத்தமாக ஒன்றுமில்லை. நாங்கள் சின்ன வயதில் கடற்கரையில் மணல்வீடு கட்டி, உள்ளே சிப்பிகளைக் குடிவைத்து, அவற்றுக்குச் சண்டை மூட்டி விளையாடினோம். தம்பி சொல்வதும் அதைத்தானே?

ந., மட்டக்களப்பு

*

அன்புடையீர்,

அம்மையார் மணல்வீடு என்று எழுதியதும் தேடிக்கொண்டிருந்த பொருள் மடியிலேயே இருப்பது தெரிந்தது. அதற்குத் தமிழில் 'சிற்றில்' என்று பெயர். சிறுமை, இல்: சின்ன வீடு. (இன்றைய பேச்சில் 'சின்ன வீடு' படும் பாட்டை நினைத்தால் சிற்றில் என்பதே பத்திரம்.) சிறுமியர் தெருமணலில் கட்டி விளையாடிய வீட்டைக் கலித்தொகையின் 51ஆம் பாட்டு 'மணற்சிற்றில்' என்றே சொல்கிறது. அதைக் காலால் சிதைத்துவிட்டு ஓடிய ஒருவன் அடுத்த வரிகளில் தண்ணீர் கேட்டு வந்து நிற்பான்.

செ. விவரித்த விளையாட்டில் என்னைத் தைத்தது அந்தத் தீய பிரபுதான். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்று சிற்றில் சிதைத்தல். சிறுமியர் பார்த்துப் பார்த்துக் கட்டிவைத்திருப்பார்கள், பாட்டுடைத் தலைவன் வந்து உதைப்பான், 'சிதைக்காதே' என்று அவர்கள் கெஞ்சுவார்கள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுவதும் அந்தக் கெஞ்சல்தான். கட்டுவது, கட்டியதைப் பார்த்து மகிழ்வது, ஒருவன் வந்து கலைப்பது, மறுபடி கட்டுவது என்று இந்த விளையாட்டின் சுற்று முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. புதிதாகச் சொல் செய்ய வேண்டியதில்லை, எடுத்துத் துடைத்தால் போதும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. புறநானூறு 86இல் 'சிற்றில்' விளையாட்டு வீடு அன்று. தாய் ஒருத்தி வாழும் குடிசை. இரண்டு பொருளும் பழையவை. ஆகவே வெறும் 'சிற்றில்' என்று விடாமல் விளையாட்டைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரா., ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் மென்பொருளைத் தமிழாக்குகிறவனுக்கு இதில் இரண்டு தொல்லைகள்.

முதலாவது வேற்றுமை உருபு. 'இல்' என்று முடியும் சொல்லோடு இன்னோர் 'இல்' சேர்த்தால் 'சிற்றிலில்' என்று நாக்கு தடுக்குகிறது. திரையில் தனியாக 'சிற்றில்' என்று கண்டால், 'சிற்று' என்ற ஏதோ ஒன்றுக்குள் என்று படிப்பவர்களும் இருப்பார்கள். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. 'கோப்பில்', 'திரையில்' என்று நாள் முழுவதும் படிக்கிற கண் அப்படித்தான் பிரிக்கும்.

இரண்டாவது எல்லை. விமானம் ஓட்டப் பழக்கும் சிமுலேஷனும் இருக்கிறது. அதில் எவரும் வீடு கட்டுவதில்லை. அதற்கும் இதே சொல்லா?

சிற்றில் பக்கம் என்னைச் சாய்ப்பது ஒரு பழைய கதை. 1984இல் வில் ரைட் என்னும் விளையாட்டு வடிவமைப்பாளர் 'ரெய்ட் ஆன் பங்லிங் பே' என்று ஒரு விளையாட்டு செய்தார். ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளைக் குண்டு போட்டு அழிக்க வேண்டும். அழிப்பதற்காக அந்தத் தீவுகளைத் தம் கருவியில் வரைந்துகொண்டிருந்தபோது, அழிப்பதைவிட வரைவதுதான் சுவையாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1989இல் வந்த சிம்சிட்டி என்னும் நகரம் கட்டும் விளையாட்டு. சிதைக்க வந்த பையன் உட்கார்ந்து தானே ஒரு சிற்றில் கட்டத் தொடங்கிய கதை. தம் படைப்புகளை அவர் மென்பொருள் பொம்மைகள் என்றே சொல்லிவந்தார். அவற்றில் வெற்றி என்று முடிவாக ஒன்றும் இருக்காது. மணல்வீட்டில் யார் வென்றார்கள்?

'சொப்பு விளையாட்டு' என்பதையும் நினைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் அடுப்பையும் குடத்தையும் விட்டு வெளியே வர மறுக்கிறது. மருத்துவமனை கட்டும் விளையாட்டை அதற்குள் அடைக்க முடியாது.

மு., கோவை

*

கொலுப்படிக்குக் கீழே பூங்கா வைப்போமே, அதை யாரும் சொல்லவில்லையே! மண்ணைப் பரப்பிக் கடுகு தூவி, ஐந்தாம் நாள் முளைத்த கடுகைப் புல்வெளி என்று காட்டி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, போலீஸ்காரர் பொம்மையைக் கிரிக்கெட் ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிற்க வைப்போம். அளவுப் பொருத்தம் என்ற பேச்சே கிடையாது. சொல் ஒன்றும் தரவில்லை, நினைவு வந்தது, எழுதினேன்.

வ.

*

எல்லோருக்கும் நன்றி. பாவனையைக் கைவிட்டேன். நல்ல வேளை, அச்சுக்குப் போகும் முன் ந. அக்கா தடுத்தார்.

மு. சொன்ன முதல் தொல்லைக்கு விடை இரா. ஐயாவின் கடைசி வரியிலேயே இருக்கிறது. சீட்டு, சீட்டாட்டம், அதுபோல் சிற்றில், சிற்றிலாட்டம். 'சிற்றிலாட்டத்தில்', 'சிற்றிலாட்டங்களை' என்று உருபுகள் தடையில்லாமல் ஏறுகின்றன. நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு சீட்டாட்டமும் சிற்றிலாட்டமும் கலந்தது; இந்த ஒரு வரியில் என் கட்டுரையின் முதல் பத்தி பாதி குறைந்துவிட்டது.

இரண்டாவது தொல்லையைத் தொல்லையாக நான் கருதவில்லை. விமானம் ஓட்டுவதும் ஊர் கட்டுவதும் ஆங்கிலத்தில் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் நாமும் ஒரே கூரை போட வேண்டுமா? விமானத்துக்கு 'ஒப்புருவாக்கம்' இருக்கட்டும். கட்டி, குடிவைத்து, வேடிக்கை பார்ப்பவை எல்லாம் சிற்றிலாட்டம். 'டூ பாயின்ட் கேம்பஸ்' (2022) சிற்றிலாட்டம். அதில் மாயக்கலை பல பாடங்களில் ஒன்று. மூடுபனி சூழ்ந்த பள்ளியைக் கட்டும் 'மைண்ட் ஓவர் மேஜிக்' சிற்றிலாட்டம். கடுகுப் பூங்காவும் சிற்றிலாட்டம்தான், வ. அவர்களே.

மாந்திரீகமா மாயமா என்றும் ஓர் இழுபறி இருந்தது. 'மாந்திரீகக் கல்லூரி' என்று எழுதினால் எலுமிச்சம்பழமும் மண்டையோடும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் மாயக்கலை. அதன் பிரிவுகளில் இரசவாதம் ஒன்றுக்குத்தான் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சித்தர் பாடல்களிலிருந்து நேராக வந்து நின்றது.

தலைப்புக்கு 'முதற்பார்வை' என்று போட நினைத்தேன். சினிமாச் சுவரொட்டிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'ஆடிப் பார்த்த அளவில்' என்று போடுகிறேன். மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

செ.

*

மறுப்பில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். தீய பிரபு வந்து எல்லாம் போய் மறுபடி தொடங்குகிற அந்தக் கட்டத்துக்கும் பெயர் வேண்டுமே. 'சிதைவு' என்றால் போதுமா, 'சிதைப்பு' என்றே இருக்க வேண்டுமா?

ந.

*

சிதைவு தானாக நேர்வது. இங்கே ஒருவன் வந்து உதைக்கிறான். சிதைப்பு.

இரா.