ஆக்டேவியா ஆர்எஸ் கிளட்ச்: சிங்கிள் மாஸ் பிளைவீலுக்கு மாறியவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது பழைய ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ, மேனுவல் கியர். போன வருடம் ரீமேப் செய்தேன், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி பவரைக் கூட்டினேன். ஆசை யாரை விட்டது!

இப்போது நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்தால், டர்போ பூஸ்ட் ஏறும் நேரத்தில் ஆர்பிஎம் முள் சட்டென்று 3,500-க்குத் தாவுகிறது. வேகம் அப்படியே நிற்கிறது. போன ஞாயிறு குன்னூர் மலை ஏறும்போது, பர்லியாறு தாண்டியதும் வண்டிக்குள் கருகல் வாடை. கிளட்ச் பெடலும் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது. கிளட்ச் வழுக்குகிறது என்று தெரிகிறது.

கியர்பாக்ஸை இறக்குவதே பெரிய வேலை, அதனால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். அதில் எனக்கு மறுப்பில்லை. டூயல் மாஸ் பிளைவீல்தான் (கிளட்ச் உட்காரும், நடுவில் ஸ்பிரிங் வைத்து அதிர்வைக் குறைக்கும் இரட்டைச் சக்கரம்) தலைவலி. அதுவும் ஆட்டம் கண்டிருந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

ஸ்பிரிங் இல்லாத ஒற்றைச் சக்கரமான சிங்கிள் மாஸுக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்: நியூட்ரலில் வரும் கடகட சத்தம் பொறுக்கும்படி இருக்கிறதா? செராமிக் பிளேட் வேண்டாம். அவிநாசி ரோடு டிராஃபிக்கில் வெடுக் வெடுக்கென்று பிடிக்கும். சாதாரண வண்டிகளில் வரும் ஆர்கானிக் பிளேட்டோடு கொஞ்சம் வலுவான பிரஷர் பிளேட் போட்டு, ரீமேப்பையும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள், எத்தனை கிலோமீட்டர் தாங்கியது? அப்புறம், பெடல் ரொம்ப கனமாகிவிட்டதா?