மறுமொழி: 'நித்தியம்' போதவில்லை, இன்னொரு சொல் வேண்டும் (திங்களுக்குள்)

குழுவினருக்கு வணக்கம். இறையியல் வகுப்புக்கான பாடக்குறிப்பு ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். தொடக்கமும் முடிவும் இல்லாமல் காலம் நெடுக இருப்பது ஒன்று. முன்பின் என்பதே இல்லாமல், முழு வாழ்வையும் ஒருசேரக் கொண்டிருப்பது இன்னொன்று. 6ஆம் நூற்றாண்டில் ரோமானிய மெய்யியலாளர் போயத்தியுஸ் கடவுளுக்குச் சொன்னது இந்த இரண்டாவதை. நாம் இரண்டையும் 'நித்தியம்' என்றே எழுதுகிறோம். இரண்டாவதற்கு ஒரு சொல் தாருங்கள்.

*

> இரண்டாவதற்கு ஒரு சொல் தாருங்கள்

நன்னூலார் எப்போதோ தந்துவிட்டார்: காலம் கரந்த, அதாவது காலத்தை மறைத்த, பெயரெச்சம் வினைத்தொகை. 'வளர்பிறை'க்குள் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் மூன்றும் அடக்கம். ஆகவே 'காலக்கரவு'. நித்தியத்தையும் தூக்கிவிட்டு 'நிலைபேறு' என்று போடுங்கள். 'காலம்' வடசொல்லாயிற்றே என்று யாரும் கிளம்ப வேண்டாம். கால் என்றால் காற்று, கால் என்றால் வாய்க்கால், ஓடுவதெல்லாம் கால். விரிவாக நாளை எழுதுகிறேன்.

*

ஐயா, கரவு என்றால் வஞ்சனையும்தான். 'கடவுளின் காலக்கரவு' என்றால் அவர் எதையோ ஒளிக்கிறார் என்றுதான் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தவிர, வினைத்தொகையில் காலம் ஒளிந்திருக்கிறதே ஒழிய இல்லாமல் போகவில்லை. விரித்தால் மூன்றும் வரிசையாக வந்து நிற்கும்.

இலக்கணத்தில்தான் தேட வேண்டும் என்றால் தொல்காப்பியம் இருக்கிறது. முக்காலத்துக்கும் பொதுவான இயல்பை நிகழ்காலப் பொதுச்சொல்லால் சொல்லச் சொல்கிறது. மலை நிற்கும் என்பது உரைகாரர் காட்டு (அந்த இலக்கணத்தில் 'நிற்கும்' நிகழ்காலம்). இயேசு பேசும் யோவான் 8:58ஐ அந்தக் கண்ணோடு படியுங்கள்: 'ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்.' இருந்தேன் என்று இல்லை. கிரேக்கத்திலும் அங்கே நிகழ்காலம்தான்.

என் வாக்கு 'காலங்கடந்தமை'க்கு. கேட்டதும் புரியும்.

*

> காலங்கடந்தமை

அதுவே இறந்தகாலம் அல்லவா, அம்மா! கடந்தவர், கடப்பதற்கு முன் எங்கே இருந்தார்?

*

இது கேலி இல்லை, நல்ல கேள்வி. நான் கேட்பது வேறு: வேதத்துக்கு அந்த இரண்டாவது சொல் தேவையா? எபிரேய 'ஓலாம்' பெரும்பாலும் எட்டாத தொலைவுக் காலம். முன்னாலும் நீளும், பின்னாலும் நீளும். சங்கீதம் 90:2இல் 'அநாதியாய்', 'என்றென்றைக்கும்' இரண்டிலும் இருப்பது அந்தச் சொல்தான். ஆதியாகமம் 6:6இல் கர்த்தர் மனஸ்தாபப்படுகிறார். முன்பின் இல்லாதவர் எப்படி மனஸ்தாபப்படுவார்? கடவுளின் நித்தியம் முடிவில்லாத காலமே என்று இறையியலாளர் குல்மான் 1946இல் வாதிட்டார். போயத்தியுஸைத் தமிழாக்கிவிட்டு அதை வேதத்தின் தலையில் கட்டாதீர்கள்.

*

சரி, ஆனால் சொல்லின் பொருளை மட்டும் வைத்துக் காலக்கொள்கை கட்ட முடியாது என்று விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் 1962இலேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டார். வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கும் ஐயாவும் இதைக் கவனிக்கலாம்.

*

அனைவருக்கும் நன்றி. நான்கு பேர் 'காலங்கடந்தமை' என்கிறீர்கள், அதில் இருவர் அரை மனதோடு. அதையே போட்டுவிட்டேன். மனஸ்தாபக் கேள்வியைப் பயிற்சி வினாவாகச் சேர்த்திருக்கிறேன், விடை எழுதவில்லை.

*

போட்டுவிட்டீர்களா? கால் பற்றிய என் மடலின் இரண்டாம் பகுதியே இன்னும் வரவில்லை. 'கடவுள்' என்பதிலும் 'கட' இருக்கிறது, பாருங்கள்.