பாட்டி 80 – மாட்டுங்கா ஏற்பாடு

வித்யா: [படம்] பேனர் தயார். ஆறு மணிக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். படத்தின் கீழே "கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த கலங்கரை விளக்கம், சென்னை" என்று போட்டிருக்கிறேன். சரியா?

லலிதா: அருமை. வெற்றிலை யார் வாங்குவது?

கார்த்திக்: நம் கொலாபா முனையில் இருப்பது போலவா?

கணேசன்: அது பிராங்ஸ், 1875. வித்யா, அச்சுக்கு அனுப்பாதே. படத்தில் இருப்பது மெரினா கோபுரம். சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பார். அங்கே விளக்கு எரிந்ததே 1977இல்தான். தாத்தா காலமானது 1971.

வித்யா: ஐயோ.

கணேசன்: வரிசையாகச் சொல்கிறேன். முதல் விளக்கு 1796இல், கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில், தேங்காய் எண்ணெயில் எரிந்தது. 1844 முதல் கோட்டைக்கு வடக்கே ஒரு கல் தூணில். அந்தத் தூண் இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. பின்னால் கட்டிய நீதிமன்றக் கோபுரம் தூணைவிட உயரம். அதனால் 1894இல் விளக்கை அதன் உச்சிக்கே ஏற்றிவிட்டார்கள். தாத்தா வேலை பார்த்தது அங்கேதான்.

சீனு: அண்ணா, பேனர் ஆறு அடிதான்.

லலிதா: அதனால்தான் அம்மா "அப்பா கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்" என்பாளா!

உஷா: தரகர் அதைக் கேட்டுத்தானே வக்கீல் வீட்டுப் பெண் என்று சொல்லிவிட்டார். மாமனார் கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்.

சீனு: 😂

கார்த்திக்: அப்படியானால் படத்தில் வேட்டியோடு நிற்பது யார்?

லலிதா: உன் தாத்தாதான், 1984இல். எடுத்தவன் சீனு. ரோலைக் கழுவக் கொடுத்த மறுநாள் கேமராவைக் கடலில் விட்டவனும் அவன்தான்.

கணேசன்: என் கேமரா.

சீனு: அலை வந்தது.

உஷா: ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைனில் மெகா பிளாக்காம். செம்பூரிலிருந்து நாங்கள் எப்படி வருவது?

சீனு: டாக்சியில் வாருங்கள், அண்ணி. சமையல்காரர் இரண்டு பாயசமா என்று கேட்கிறார்.

லலிதா: ஒன்று போதும். அம்மாவுக்குச் சர்க்கரை.

கணேசன்: இரண்டு இருக்கட்டும்.

வித்யா: மணி ஐந்தரை. யாராவது பாட்டியிடம் கொள்ளுத்தாத்தா படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

லலிதா: தூங்குகிறாள்.

கணேசன்: நீதிமன்றக் கோபுரத்தின் படத்தைப் போடு, வித்யா.

உஷா: பிறந்தநாள் பேனரில் கோர்ட்டா?

வித்யா: அப்போது தாத்தா படத்தையே வைத்து, கீழே எழுதியிருப்பதை எடுத்துவிடுகிறேன். சரியா?

வித்யா: யாராவது?

சீனு: கேமராவுக்குப் பணம் அப்போதே கொடுத்துவிட்டேன்.

கணேசன்: பாதி.