மூணு பந்துல ஒண்ணுகூட ஏறல: ஆபரேஷனுக்கு முன்னாடியே பிசியோதெரபி எதுக்கு?

வடுவூர்க்காரன்:
வணக்கம். அப்பாவுக்கு 64 வயசு, விவசாயம். மாட்டுப் பொங்கலன்னிக்கு வடை நெஞ்சுக்குள்ள அடைச்சுக்கிச்சுன்னு சொன்னார். வாயுன்னு நினைச்சு ஓமத்தண்ணி குடுத்தே ஒன்றரை மாசத்தை ஓட்டிட்டோம். எண்டோஸ்கோபி பார்த்தா உணவுக்குழாய் கேன்சர். 23 ரேடியேஷன், வாரம் ஒண்ணா 5 கீமோ, ரெண்டும் போன வாரம் முடிஞ்சது. இன்னும் 6 வாரத்துல ஆபரேஷன். 61 கிலோ இருந்தவர் இப்ப 53. மூக்குக்குழாய் வழியாத்தான் சாப்பாடு. வாய் வழியா மோர் மட்டும் கொஞ்சம் இறங்குது.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு பிசியோதெரபிஸ்ட் வந்தார். காலையும் மாலையும் நடக்கணும், நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து எழணும், மூணு பந்து வச்ச பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கிப் பயிற்சி செய்யணும், எல்லாம் இன்னிலேர்ந்தே ஆரம்பிங்கன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டார். அவருக்காக வெளியில இன்னும் பதினஞ்சு பேர் நிக்கிறாங்க, அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

இப்ப வீட்டுல தினம் சண்டை. "மூக்குல குழாயோட இருக்கிற மனுசனைப் போட்டு ஏன்டா வதைக்கிறே, நடந்தா கட்டி பரவும்டா"ன்னு அத்தை. "அறுக்கப்போறது டாக்டரு, நான் எதுக்குடா பழகணும்"னு அப்பா. ஆனாலும் எனக்காக அந்தப் பந்தை ஒரு வாரமா ஊதறார். கன்னம் உப்பி, கண்ணுல தண்ணி வந்துடுது. ஒரு பந்துகூட அசையல. பழுதுன்னு மெடிக்கல்ல குடுத்து மாத்தி வந்தேன், புதுசும் அதே கதை. இதெல்லாம் உண்மையிலேயே தேவையா? அத்தை சொல்ற மாதிரி பரவுமா? ஆஸ்பத்திரி ரெண்டு பஸ் தூரம், சும்மா போய்க் கேட்டுட்டு வர முடியல.

ரிட்டயர்டு டீச்சர்:
தம்பி, அப்பாவோட நோய் வேற, என்னுது வேற. எனக்கு மார்பகம். சுகர் இருக்கிறதால வலது தோள் ஏற்கனவே இறுகிப் போயிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னாடி 4 மாசம் கீமோ. அந்த 4 மாசமும் தினம் சுவத்துல விரலை எறும்பு மாதிரி ஏத்தச் சொன்னாங்க. என் பொண்ணு சின்னப்பிள்ளையா இருந்தப்ப உயரம் குறிச்ச சுவர்லயே பென்சிலால கோடு போட்டுக்கிட்டேன். முதல் வாரம் அவ ஒண்ணாங்கிளாஸ் கோட்டைத் தாண்டல.

எதுக்குன்னு எனக்கும் அப்பப் புரியல. ரேடியேஷன் மேஜையில படுத்ததும்தான் தெரிஞ்சுது. கையைத் தலைக்கு மேல தூக்கி வச்சு அசையாம இருக்கணும். எனக்கு அடுத்த நம்பர் அம்மாவுக்குக் கை ஏறல, பழகிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, பாவம். அத்தையோட சண்டை போடாதீங்க. கூட நடக்கச் சொல்லுங்க.

மதுரை பிசியோ:
தலைப்பைப் பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு சார். டப்பா பழுதில்லை. அதை ஊதக்கூடாது, உறிஞ்சணும்! ஷாப்புல ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி. பத்துப் பேர்ல பாதிப்பேர் முதல்ல ஊதத்தான் செய்வாங்க, சொல்லிக்குடுக்க நேரம் இல்லாதது எங்க பக்கத் தப்பு.

நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்க. மூச்சை மெதுவா வெளிய விட்டுட்டு, உதட்டால குழாயை இறுக்கிப் பிடிச்சு, நிதானமா உள்ளே இழுக்கணும். டப்பாவுல 600, 900, 1200னு போட்டிருக்கும். ஒரு செகண்டுக்கு எத்தனை மில்லி காத்து உள்ளே போகுதுங்கிற கணக்கு அது. மூணு பந்தையும் வெடுக்குனு ஏத்தி இறக்கறது வித்தை காட்டறதுதான். ஒரு பந்தை மேலேயே 3 செகண்ட் நிறுத்தினா அதுதான் பயிற்சி. முழிச்சிருக்கிற நேரத்துல மணிக்குப் பத்து தடவை, நடுநடுவே இளைப்பாறி. தலை சுத்தினா நிறுத்திடணும்.

"நான் எதுக்குப் பழகணும்"னு அப்பா கேட்டது நியாயமான கேள்வி. இந்த ஆபரேஷன்ல பெரும்பாலும் வயித்துலயும் நெஞ்சுலயும் கைவைக்கணும். முடிஞ்சு கண்ணு முழிச்சா விலா வலிக்கும், வலிக்குப் பயந்து மேலோட்டமாத்தான் மூச்சு விடுவார். சளி அடியில தங்கி நிமோனியா ஆகும். அந்த வலியில புதுசா எதையும் கத்துக்க முடியாது. அதனாலதான் இப்பவே. தலகாணியை வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமறதையும் இப்பவே பழக்குங்க.

நடந்தா பரவும்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எலும்புக்குப் பரவியிருந்தா மட்டும் என்ன பயிற்சின்னு டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும். 2023ல நெதர்லாந்து டாக்டர்கள் தலைமையில பல நாட்டு ஆய்வு ஒண்ணு வந்தது. பெருங்குடல் கேன்சர்காரங்க 251 பேர். ஆபரேஷனுக்கு முன்னாடி 4 வாரம் உடற்பயிற்சி, புரதச் சாப்பாடு, மனசுக்குத் தைரியம்னு தயார் பண்ணினவங்கள்ல கடுமையான சிக்கல் நூத்துக்கு 17 பேருக்கு, பண்ணாதவங்கள்ல கிட்டத்தட்ட 30 பேருக்கு. உணவுக்குழாய்க்கும் இதே கணக்கு வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 6 வாரம் கையில இருக்கும்போது படுக்க வைக்கவும் மாட்டேன்.

நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். குழாய்ல சாப்பாடு ஏத்தின உடனே பயிற்சி வேண்டாம், அரை மணி ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்காரட்டும். காய்ச்சல், நெஞ்சுவலி, மயக்கம்னா பயிற்சியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க. 53 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 64லேர்ந்து 80 கிராம் புரதம் வேணும். வெறும் கஞ்சித்தண்ணியும் மோரும் அதுல கால்வாசிகூட தேறாது. ஒரு கிளாஸ் பால்ல 6, 7 கிராம்தான். டயட்டீஷியன்கிட்ட குழாய்க்கு ஏத்த புரதப் பவுடர் கேளுங்க.

கருப்பட்டி காபி:
எல்லாரும் பந்தைப் பத்தியே பேசறீங்க. அப்பா பீடி குடிப்பாரா? அதை எழுதவே இல்லையே பாஸ்.

இன்னொண்ணு, ரெண்டு பஸ் மாறிப் போகணும்னு எழுதியிருக்கீங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவாங்க. எங்க மாமா பக்கவாதத்துல படுத்தப்ப வந்தாங்க. உங்க ஊர் துணை சுகாதார நிலைய நர்ஸம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.

வடுவூர்க்காரன்:
உறிஞ்சச் சொன்னேன். முதல் இழுப்புலயே 600 டொக்குனு மேல போய் இடிச்சுது. அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! கேட்டுட்டு வாங்கித் தொலைக்கறதுக்கு என்னடான்னு ஒரு வாரச் சிரமத்துக்கும் சேர்த்துத் திட்டினார்.

கருப்பட்டி அண்ணே, புடிச்சுட்டீங்க. 41 வருஷ பீடி. நோய் தெரிஞ்சதும் விட்டுட்டேன்னு எங்கிட்ட சொன்னார். நேத்து சாயந்திரம் நடைக்கு விட்டுட்டு பின்னாடியே போனேன். நேரா போர் செட்டுக்குத்தான் போறார். அங்க மோட்டார் பெட்டிக்கு மேல பீடிக்கட்டு இருக்கு. நடைன்னா ஏன் இவ்வளவு சுறுசுறுப்பா கிளம்பறார்னு இப்பதான் புரியுது.

இப்ப அத்தையைக் கூட அனுப்பறேன். பரவும்னு சொன்ன அதே அத்தை, கோயில் வரைக்கும் போய்ட்டு வர்றதுக்குள்ள நாலு தடவை "நில்லாதண்ணே, நட"ன்னு விரட்டுதாம். நர்ஸம்மா பேர் எழுதிக்கிட்டாங்க, வியாழக்கிழமை ஆள் வரும்னாங்க.

பிசியோ சார், ஒரே ஒரு சந்தேகம். அப்பாவுக்கு மேல்வரிசை பல்செட். இளைச்சதுல லூஸாகி, இழுக்கும்போது கழண்டு வருது. கழட்டிட்டு இழுக்கலாமா?

மதுரை பிசியோ:
லூஸா இருந்தா கழட்டிடுங்க, உள்ள சிக்கிக்கக் கூடாது. அப்புறம் உதடு ஓரத்துல காத்து ஒழுகுதான்னு பாருங்க. ஒழுகினா உங்க விரலால அழுத்திப் பிடிங்க. பீடி விஷயம் ஆபரேஷன் டாக்டருக்கும் மயக்க டாக்டருக்கும் கண்டிப்பா தெரியணும், மறைக்காதீங்க. 4 வாரமாவது விட்டிருந்தாத்தான் நுரையீரலுக்கு நல்லது. உங்ககிட்ட 6 இருக்கு. போர் செட் சாவியை அத்தைகிட்ட குடுத்துடுங்க.