வலி பேட்ச்சோடு ஆக்சிஜன் சேம்பருக்குள்

கீழக்கரையிலிருந்து:

வாப்பா சங்கு குளித்தவர். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு தாடை எலும்பு செத்துப்போய், பல் எடுத்த புண் ஆறவே இல்லை. ஆக்சிஜன் சேம்பருக்கு, அதாவது அழுத்தம் கூட்டிய மூடிய அறையில் ஆக்சிஜன் சுவாசிக்கும் சிகிச்சைக்கு, எழுதிக் கொடுத்தார்கள். வலிக்கு நெஞ்சில் ஃபென்டனில் (மார்ஃபின் வகைக் கடும் வலிமருந்து) தோல்வழி இறங்கும் பேட்ச் ஏற்கனவே இருக்கிறது, 72 மணி நேரத்துக்கு ஒன்று.

உள்ளே 2.4 மடங்கு காற்றழுத்தம் என்றதும் வாப்பாவுக்குப் பிடிபட்டுவிட்டது, கடலில் ஏழெட்டுப் பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்தில் இருப்பது போல. காது அடைப்பு எடுக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பேட்ச்தான் பிரச்சினை. எண்ணெய், கிரீம், பாலியஸ்டர், உடம்பில் ஒட்டிய எதுவும் சொல்லாமல் உள்ளே வரக்கூடாது என்றார்கள். ஆக்சிஜன் கூடிய இடத்தில் தீப்பிடிக்கச் சின்னப் பொறியே போதும்.

"அப்ப கழட்டிட்டுப் போறேன், வந்து ஒட்டிக்கிறேன்" என்றார். நான் விடவில்லை. கழற்றிய பேட்ச் மறுபடி சரியாகப் பிடிக்காது. கழற்றினாலும் தோலில் தங்கிய மருந்து பாதியாகக் குறையவே ஒரு நாள்வரை ஆகலாம். அதன்மேல் புதுசு ஒட்டினால் அளவு கூடிவிடும். அளவு கூடினால் மூச்சு மந்தமாகி உடம்பில் கரியமில வாயு சேரும், அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனால் வலிப்பு வரும் ஆபத்தும் ஏறும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் உள்ளே போகுமுன் "வாப்பா, தூக்கம் அசத்துதா?" என்று கேட்பேன்.

வலி மருத்துவரையும் சேம்பர் மருத்துவரையும் போனில் பேசவைத்தேன். அது பலர் உட்காரும் சேம்பர், ஆக்சிஜன் முகமூடி வழியாகத்தான். பேட்ச் இருக்கட்டும், பருத்தித் துணியால் மூடிக்கொள்ளலாம் என்று முடிவானது. முழுக்க ஆக்சிஜன் நிரப்பும் ஒற்றை ஆள் சேம்பரில் கெடுபிடி அதிகம். உங்கள் இடத்தில் கழற்றவே சொல்லலாம், அப்படியென்றால் வலிக்கு மாற்று என்ன என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மண்டபத்திலிருந்து:

அம்மா பாசி எடுக்கப் போனவங்க, காலில் சர்க்கரைப் புண், அதுக்கு அவங்களும் சேம்பருக்குப் போறாங்க. அவங்களுக்கு 7 நாள் வரும் பியூப்ரினார்ஃபின் பேட்ச், அதுவும் அதே வகை வலிமருந்துதான். சூட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். அழுத்தம் ஏறும்போது சேம்பருக்குள் சூடாகும், சித்திரை வெயிலில் பஸ் பயணம் வேறு. தோல் சூடானால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். வீட்டில் வெந்நீர் ஒத்தடத்தையும் பேட்ச் இருக்கும் பக்கம் நிறுத்திவிட்டோம். அப்புறம், கழற்றிய பேட்ச்சில் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்துப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உங்க வாப்பாவுக்கு வியர்வையில் ஓரம் பெயர்ந்தால் என்ன செய்யச் சொன்னார்கள்?