சின்ன விஷயங்களுக்கு நன்றி: நோட்டில் என்ன எழுதலாம், வாயால் எப்படிச் சொல்லலாம்?

அன்றன்று கிடைத்த நல்லவற்றை நோட்டில் குறித்துவைக்கும் நன்றிக் குறிப்பு எழுத ஆரம்பிக்கிற பலர் பத்து நாளில் நோட்டை மூடிவிடுகிறார்கள். சோம்பல் இதற்குக் காரணமில்லை. முதல் நாள் "குடும்பம், உடல்நலம், வேலை" என்று எழுதியாச்சு. இரண்டாம் நாளும் அதேதான், மூன்றாம் நாளும் அதேதான். கை எழுதுகிறது, மனசு அங்கே இல்லை.

பெரிய தலைப்புகளை விட்டுவிடுங்கள். யார், என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று, இந்த மூன்றும் ஒரே குறிப்பில் வரட்டும். "பஸ் பயணம் நல்லபடியாக இருந்தது" என்று எழுதினால் மறுநாளே மறந்துபோகும். "கூட்டமான 7.40 பஸ்ஸில் பின்படிக்கட்டிலிருந்து நீட்டிய இருபது ரூபாய் ஆறு கை மாறி கண்டக்டரிடம் போனது, டிக்கெட்டும் சில்லறையும் அதே ஆறு கை வழியாகத் திரும்பி வந்தன, ஒரு ரூபாய் குறையவில்லை" என்று எழுதிப் பாருங்கள். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்தக் கைகள் கண்ணுக்குத் தெரியும்.

2005-இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மேனும் அவர் குழுவும் சோதித்துப் பார்த்த முறை எளிமையானது. ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, அது ஏன் நடந்தது என்று ஒரு வரி. இந்த "ஏன்" வரியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதினால்தான் நல்லது தானாக வரவில்லை, யாரோ ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார் என்பது தெரியும். பத்து நிமிடம் போதும். நாற்பது பக்க நோட்டு, தலையணைப் பக்கத்தில் ஒரு பேனா. போனில் எழுத வேண்டாம்; திறந்ததுமே வாட்ஸ்அப் இழுத்துக்கொண்டு போய்விடும்.

* * *

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரம் முடிந்ததும் தினமும் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆறு வார ஆய்வில், வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கே பலன் கிடைத்தது. அடிக்கடி எழுதினால் வருகைப்பதிவேடு மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகோ ஞாயிறு ராத்திரியோ ஒரு நேரம் வைத்துக்கொண்டு ஐந்து வரி எழுதுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் சேர்த்து எழுத வேண்டாம், அப்படியே தொடருங்கள்.

* * *

எழுத ஒன்றுமே தோன்றாதவர்களுக்குக் கழித்துப் பார்க்கும் முறை உதவும். கையில் இருக்கிற ஒன்று இல்லாமல் போயிருந்தால் என்று யோசிப்பது. நல்லது எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட, அது நடக்காமலே போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியதாக 2008-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் மனசு அதற்குப் பழகிவிடும். கழித்துப் பார்க்கும்போது அந்தப் பழக்கம் கலைகிறது.

குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் திறக்கிறோம், தண்ணீர் வருகிறது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், ஒரு நடைக்கு சுமார் 25 லட்சம் லிட்டர். அந்த மாதங்களில் சென்னையில் இருந்தவர்களுக்குக் குடத்தை லாரிக்கு அடியில் வைத்த ஞாபகம் போதும், பயிற்சி தானாக நடந்துவிடும்.

செய்முறை: ஒரு பொருள் அல்லது ஓர் ஆள். அது இல்லாத ஒரு நாளின் முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும் எழுதுங்கள். பல் தேய்ப்பது, அரிசி களைவது, கழிவறை. முழு நாளையும் எழுதப் போனால் கற்பனை நீர்த்துவிடும். முடித்ததும் எழுந்து போய் அந்தக் குழாயைத் திறந்து, கையை நனைத்துவிட்டு வாருங்கள். பதற்றம் அதிகம் உள்ளவர்கள் ஆட்களைக் கழிக்க வேண்டாம், பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளை இல்லையென்றால், கணவர் இல்லையென்றால் என்று போனால் நன்றி வராது, பயம்தான் வரும்.

* * *

எழுதுவதைவிடச் சொல்வதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். வீட்டுக்குள் "நன்றி" என்ற சொல் ஒட்டாது. அம்மாவிடம் "மிக்க நன்றி" என்றால், "என்னடா, வெளியாள் மாதிரி பேசுற?" என்பார்கள். "தேங்க்ஸ்" நண்பர்களிடம் செல்லும், அம்மாச்சியிடம் செல்லாது. வீட்டில், செய்த காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்வதுதான் நன்றி.

"அம்மா, வத்தக்குழம்புல சுண்டக்காய் போட்டிருந்தீங்கல்ல, அதுக்காகவே இன்னொரு கரண்டி சோறு வாங்கினேன்."

"அத்தை, நீங்க பாப்பாவை ஸ்கூல்ல விட்டதாலதான் எனக்கு 8.10 டிரெயின் கிடைச்சுது."

இரண்டிலும் "நன்றி" இல்லை. கேட்டவருக்குப் புரிந்துவிடும். சொல்ல வேண்டியது சாப்பிடும்போதே, மறுநாள் அல்ல. உப்பு குறை என்றால் அதை அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். "நல்லா இருந்துச்சு, ஆனா" என்று இழுத்தால் "ஆனா" மட்டும்தான் காதில் நிற்கும். பாராட்டிய கையோடு ஒரு வேலையும் சொல்லாதீர்கள். பாராட்டு அந்த வேலைக்குக் கொடுத்த முன்பணமாகிவிடும். நேரில் சொன்னால் எழுந்து போய்விடுகிற அப்பாக்கள் உண்டு. அவர் காதில் விழுகிற தூரத்தில் வேறு யாரிடமாவது சொல்லுங்கள்: "கேஸ் புக் பண்றதுல இருந்து கரண்ட் பில் வரைக்கும் அப்பா பாத்துக்குறார், எனக்கு அந்தக் கவலையே இல்ல."

சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்குமோ என்ற தயக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், பெறுகிறவரின் கூச்சத்தைக் கூட்டியும் சந்தோஷத்தைக் குறைத்தும் கணக்குப் போடுகிறார்கள் என்று 2018-இல் குமார், எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள்.

* * *

ஓர் எச்சரிக்கை. துக்கத்தில் இருப்பவரிடம் "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேரு, இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படு" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அது அவர் வாயை அடைப்பது. சம்பளம் தராத முதலாளி மேல் உள்ள கோபத்துக்கும் நன்றிக் குறிப்பு மருந்தில்லை. அங்கே புகார்தான் எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

* * *

பொருளுக்கு நன்றி என்றால் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதோடு நிறுத்தக் கூடாது. தையல் மெஷின் இருந்தால், தைத்து முடித்ததும் பாபின் கேஸை (அடிநூல் உருளை இருக்கும் கூட்டை) கழற்றி, உள்ளே அடைந்த பஞ்சைச் சின்ன பிரஷ்ஷால் எடுங்கள். எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு, பழைய துணியில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்து தைக்கிற ரவிக்கையில் கறை விழும்.

* * *

குப்பை எடுக்க வருகிற அக்காவுக்கு நன்றி என்று நோட்டில் எழுதுகிறவர்கள் இதையும் செய்யுங்கள். உடைந்த டம்ளரை அப்படியே கவரில் போட்டால், பிரித்தெடுக்கும்போது அவர் உள்ளங்கைதான் கிழியும். பெரிய துண்டுகளைச் செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். தரையில் கிடக்கும் தூளை ஈரத்தாளால் ஒற்றியெடுத்து அதையும் உள்ளே போடுங்கள். டேப் ஒட்டி, மேலே தடித்த எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதுங்கள். ஊசி, பிளேடு என்றால் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியை இறுக்குங்கள். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு உள்ளே போகாமல், கையில் கொடுக்கும்போதே வாயாலும் சொல்லிவிடுங்கள்: "இதுல கண்ணாடி இருக்குக்கா, பாத்து."