போர்ப் படம்: எதை வைத்து நல்லது என்கிறீர்கள்? ஐந்து வாரத்துக்கு ஐந்து படம் வேண்டும்

திருச்சி_குமரன்:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஆறு பேர் வாரம் ஒரு படம் பார்த்துப் பேசுவது வழக்கம். அடுத்த ஐந்து வாரமும் போர்ப் படங்கள் என்று முடிவாகியிருக்கிறது. இணையத்தில் பட்டியல்களுக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் அதே பெயர்கள், "மிரட்டல்", "தவறவிடாதீர்கள்" என்பதோடு சரி. ஒரு சண்டைக் காட்சி நம்மை உலுக்குகிறது. இன்னொன்று கோடிகளைக் கொட்டியும் வெறும் வெடிச்சத்தமாகப் போய்விடுகிறது. இந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது? படத்தின் பெயரோடு, அதில் எந்த இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னால் பேச வசதியாக இருக்கும். எங்களிடம் இருப்பது 55 அங்குல டிவி, சவுண்ட்பார். அதில் எதையாவது மாற்ற வேண்டுமா?

---

ஷட்டர்வேகம்:

குமரன், முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். 'மோஷன் ஸ்மூத்திங்' என்ற வசதியை முழுவதுமாக அணைத்துவிட வேண்டும். சாம்சங்கில் அதற்குப் பிக்சர் கிளாரிட்டி (பழைய மாடல்களில் ஆட்டோ மோஷன் பிளஸ்) என்று பெயர், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தாலே போதும். போர்ப் படத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 'சேவிங் பிரைவேட் ரயான்' (1998) நல்ல சாட்சி.

சாதாரணமாக வினாடிக்கு 24 ஃப்ரேம் எடுக்கும்போது ஷட்டர் என்ற சுழலும் மூடி 180 டிகிரி, அதாவது பாதி வட்டம், திறந்திருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம் 1/48 வினாடி. அந்த நேரத்துக்குள் ஓடுகிறவரின் கை நகர்ந்துவிடுவதால் கொஞ்சம் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கல்தான் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இருக்கும் இடைவெளியை மறைத்து, அசைவை வழுக்கிக்கொண்டு போக வைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பிரான்சில் கரையிறங்கும் ஒமாஹா கடற்கரைக் காட்சியில் ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி ஷட்டரை 90 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் குறுக்கினார். 45 டிகிரி என்றால் 1/192 வினாடி. கலங்கல் மறைந்து, வெடியில் பறக்கும் மணல்கூடத் துகள் துகளாகத் தெரிகிறது, ஓட்டம் வெட்டி வெட்டி வருகிறது. லென்ஸ்களின் மேல்பூச்சையும் நீக்கியிருந்தார்கள். ஒளி உள்ளே சிதறி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள மாறுபாடு குறைந்து, அந்தக் காலத்துச் செய்திப்படத்தின் சாயல் வந்துவிட்டது. மோஷன் ஸ்மூத்திங் போட்டுப் பார்த்தால் டிவி தானாக இடையில் ஃப்ரேம்களை உண்டாக்கிச் செருகும். எந்த வெட்டலுக்காக அவ்வளவு பாடுபட்டார்களோ அதையே அது மெழுகி அழித்துவிடும்.

அந்தக் காட்சியில் கேமரா பெரும்பாலும் படைவீரனின் உயரத்தைத் தாண்டுவதில்லை என்பதையும் பாருங்கள். மேலிருந்து கடற்கரை முழுவதையும் காட்டியிருந்தால் நமக்கு நிலவரம் புரிந்துவிடும், புரிந்தால் பயம் குறையும். மேட்டிலிருந்து சுடும் ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் சில ஷாட்கள் மட்டும் வருகின்றன. குண்டு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரியவைக்க அது போதும்.

குலுக்கும் கேமராவைப் பின்னால் வந்த பலர் எடுத்துக்கொண்டார்கள், ஷட்டர் கணக்கை விட்டுவிட்டார்கள். 180 டிகிரியில் கேமராவைக் குலுக்கினால் கிடைப்பது கலங்கல் மட்டுமே. யார் எங்கே நிற்கிறார் என்றுகூடத் தெரியாது.

---

செவிவழி:

ஷட்டர்வேகம் சொன்னது சரி, ஆனால் ஒமாஹா காட்சியில் பாதி வேலை காதில் நடக்கிறது. கரையிறங்கும் அந்தச் சண்டை முழுவதிலும் பின்னணி இசை கிடையாது. ஜான் வில்லியம்ஸ் மாதிரி ஓர் இசையமைப்பாளர் கையில் இருந்தும் விட்டுவிட்டார்கள். இசை வந்தால் இந்த நொடியில் என்ன உணர வேண்டும் என்று நமக்குச் சொல்லிவிடும். இங்கே சொல்ல யாரும் இல்லை. கேமரா தண்ணீருக்குள் போகும்போது சத்தம் அடங்குகிறது, மேலே வந்ததும் அறைகிறது. படகிலிருந்து குதித்தவன் தலை மூழ்கி எழுவதைச் சத்தமே காட்டிவிடுகிறது.

எந்தப் போர்ப் படத்தையும் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு.

துப்பாக்கித் தோட்டா ஒலியைவிட வேகமானது. 300 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டால் தோட்டா அரை வினாடிக்குள் உங்களைக் கடந்துவிடும், துப்பாக்கியின் வெடிச்சத்தம் வந்துசேர ஏறக்குறைய 0.9 வினாடி ஆகும். அதனால் சுடப்படுகிறவன் முதலில் கேட்பது காதோரம் சாட்டை சொடுக்கிய மாதிரி ஒரு 'சட்'. அதற்குப் பிறகுதான் தூரத்து 'டொம்'. பெரும்பாலான படங்களில் இரண்டும் ஒன்றாக வருகின்றன. அப்போது எதிரி பக்கத்தில் நிற்பதாகவே மூளை எடுத்துக்கொள்ளும், தூரம் என்ற பயம் போய்விடும். பீரங்கிக்கும் இதே கணக்குதான். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வெடித்தால் சத்தம் 3 வினாடி கழித்து வர வேண்டும்.

இரண்டாவது, வெடியின் நிறம். பீரங்கிக் குண்டு மண்ணில் விழுந்தால் கண்ணிமைக்கும் நேரம் ஒரு மின்னல், பிறகு கரும்புகையும் மண்ணும் மேலே எழும். ஆரஞ்சு நிறத்தில் உருண்டு திரளும் நெருப்பு பெட்ரோல் எரிவது. கேமராவில் அழகாக விழும் என்பதால் அதை வைக்கிறார்கள். கையெறி குண்டுக்கும் அதே நெருப்புக் கோளம் வந்தால் அந்த இயக்குநர் அழகுக்காகப் படம் எடுக்கிறார் என்று அர்த்தம்.

ஒலிக்காக ஒரே படம் என்றால் நான் சொல்வது எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985). 1943இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பெலாரஸ், கெரில்லாக்களோடு சேரப்போகும் ஃபிளியோரா என்ற சிறுவன். காட்டில் குண்டு விழுந்ததும் அவன் காது அடைத்துப்போகிறது. உடனே நமக்கும் அடைக்கிறது. ஒரு ரீங்காரம், அதற்கு அடியில் மங்கலாகப் பேச்சு. ஐந்து நொடியில் சரியாகிவிடும் என்று நினைப்போம், ஆகாது. இப்போது வரும் படங்களில் குண்டு வெடித்ததும் ஒரு 'கீஈ' சத்தம் வந்து, கதாநாயகன் தலையை உலுக்கியதும் போய்விடுகிறதே, அங்கே அது அலங்காரம். இங்கே அந்தப் பையனுக்கு நேர்ந்த சேதம்.

சவுண்ட்பாரில் 'நைட் மோட்' இருந்தால் அணையுங்கள். அது சின்ன சத்தத்தை உயர்த்தி, பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். இந்தப் படங்கள் வாழ்வதே அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்றால் மொத்த ஒலியைக் குறைத்து, சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பேஸ் என்ற அடித்தொனியையும் ஏற்ற வேண்டாம், பேச்சு அதில் மூழ்கிவிடும்.

---

நாகை_இளவேனில்:

இருவரும் கருவிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இடம் புரிகிறதா? ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், ஆபத்து எந்தத் திசையில், தப்ப வழி எது? இது தெரியாவிட்டால் ஷட்டர் எத்தனை டிகிரியாக இருந்தும் பயனில்லை.

வோல்ஃப்காங் பீட்டர்சனின் 'டாஸ் பூட்' (1981) பாருங்கள். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கி, வகை 7சி. வெளிநீளம் 67 மீட்டர், உள்ளே மனிதர் இருக்கும் உருளையின் விட்டம் 5 மீட்டர்கூட இல்லை, அதற்குள் ஏறக்குறைய 50 பேர். மாதிரிக் கப்பலின் உட்புறத்தை முழு அளவில் கட்டி, ஹைட்ராலிக் மேடையில் ஏற்றிச் சாய்த்தார்கள். சுவரைக் கழற்றிக் கேமராவைத் தள்ளிவைக்கும் ஸ்டுடியோ வழக்கத்தைத் தவிர்த்தார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ ஆட்டத்தைக் குறைக்கும் சுழல்சக்கரங்கள் பொருத்திய சிறு கேமராவைக் கையில் பிடித்து, அடிபடாமல் இருக்கக் கவசம் மாட்டிக்கொண்டு, அந்தக் குறுகிய வட்டக் கதவுகள் வழியாக நடிகர்களோடு ஓடினார்.

அவசரமாக மூழ்க ஆணை வந்ததும் எல்லோரும் முன்பக்கம் ஓடுவார்கள். பதற்றத்தைக் காட்டுவதற்கான ஓட்டம் இல்லை அது. மூக்கில் கனம் கூடினால் கப்பல் சீக்கிரம் மூழ்கும். அந்த ஓட்டத்திலேயே கப்பலின் முழு நீளமும் நமக்கு மனப்பாடமாகிவிடும். பிறகு எந்த அறையில் தண்ணீர் புகுந்தாலும் அது எங்கே என்று தெரியும்.

தாக்குதல் காட்சிகளின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் நீர்மூழ்கியைத் தேட எதிரிக் கப்பல் அனுப்பும் 'பிங்' ஒலி, அடுத்து தலைக்கு மேல் அதன் விசிறிச் சத்தம், அடுத்து ஒன்றுமில்லை. ஆழ்கடல் குண்டு இறங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. அத்தனை பேரும் மேலே பார்க்கிறார்கள். மேலே இருப்பது இரும்புத் தகடும் குழாய்களும்தான். எதிரியின் முகத்தையே காட்டாமல் இவ்வளவு அச்சத்தை உண்டாக்கிய படம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜிப்ரால்டர் நீரிணையில் 280 மீட்டர் ஆழத்தில் தரைதட்டும் பகுதியில் போல்ட்டுகள் தெறிக்கும்போது மூச்சு முட்டும்.

இதோடு ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957). முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் பதுங்குகுழிக்குள் தளபதி டாக்ஸ் நடந்துவர, கேமரா அவர் முன்னே பின்வாங்கிக்கொண்டே போகும் ஷாட் புகழ்பெற்றது. கேமராவைத் தாங்கும் டிராலி வண்டி போவதற்காகக் குழியை உண்மையைவிட அகலமாகத் தோண்டினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஜெனரல்கள் இருக்கும் மாளிகை. உயர்ந்த கூரை, பளபளக்கும் தரை, அங்கே தாராளமாக வளைய வளைய நடக்கிறார்கள். குழியிலோ முன்னும் பின்னும் தவிர வழியில்லை. யார் ஆணையிடுகிறார், யார் சாகிறார் என்பதை இந்த இரண்டு இடங்களே சொல்லிவிடுகின்றன. பிரான்சில் இந்தப் படம் திரைக்கு வர 1975 ஆனது.

முதல் உலகப் போர்ப் படமான '1917' (2019) பற்றிக் கேட்பார்கள். வசனம் எவ்வளவு தூரம் நடந்தால் முடியும் என்று திறந்தவெளியில் ஒத்திகை பார்த்து அளந்து, அதற்கேற்ற நீளத்துக்குக் குழி வெட்டினார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் வெட்டே இல்லாதது போல் பெரும்பாலும் ஒரே ஆளோடு போவதால் அவன் கண்ணுக்கு எட்டியதற்கு அப்பால் போர்க்களம் மனதில் பதிவதில்லை. என் ஐந்தில் அது வராது.

---

திருச்சி_குமரன்:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். 'டாஸ் பூட்' பல நீளத்தில் இருக்கிறதே, எதைப் பார்ப்பது? எங்களில் ஒருவர் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' வேண்டும் என்கிறார், சேர்க்கலாமா?

---

ஈப்போ_சரவணன்:

குவாய் (1957) பற்றி மட்டும் சொல்கிறேன். ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ஒரு ரயில் பாலம் கட்ட, அதைத் தகர்க்க நேசநாட்டுக் குழு ஒன்று வரும் கதை. சேருங்கள், ஆனால் வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டேவிட் லீன் அதை எடுத்தது இலங்கையின் கித்துல்கலயில், களனி ஆற்றில். கடைசிப் பகுதி, தகவலை யாருக்கு எப்போது தருவது என்பதற்கு நல்ல பாடம். இரவில் வெடிமருந்துக் கம்பியைத் தண்ணீருக்கடியில் மறைத்து வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் ஆற்றில் நீர்மட்டம் இறங்கி, கம்பி வெளியே தெரிகிறது. நமக்குத் தெரியும், வெடிக்கக் காத்திருப்பவனுக்குத் தெரியும், பாலத்தின் மேல் பெருமையோடு நடக்கும் கைதிகளின் தலைவர் கர்னல் நிக்கல்சனுக்கு எப்போது தெரியும்? தூரத்தில் ரயில் சத்தம். இதில் ஒரு துப்பாக்கி வெடிக்காமலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

உண்மையோ வேறு. சயாம்-பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர், முடிந்தது 1943 அக்டோபரில். ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாமல் பிரிட்டிஷ் கைதிகள் கற்றுக்கொடுத்ததாகப் படம் காட்டுகிறது. அது பொய், ஜப்பானியர்கள் தேர்ந்த பொறியாளர்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரி அருகே உள்ள இரும்புப் பாலத்தைச் சேதப்படுத்தியவை நேசநாட்டு விமானங்கள். பிறகு பழுதுபார்த்தார்கள், இன்றும் அதில் ரயில் போகிறது.

பெரிய விடுபடல் இன்னொன்று. அந்தப் பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கூலியும் குறுகிய கால வேலையும் என்று சொல்லிக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கணக்கெடுக்கக்கூட ஆள் இல்லை. சயாம் மரண ரயில் என்று இங்கே மலேசியாவில் சொன்னால் வயதானவர்களுக்கு உடனே புரியும். அந்தப் படத்தின் கதையில் அவர்களுக்கு இடமே இல்லை. படம் முடிந்ததும் உங்கள் குழு இதைப் பற்றி அவசியம் பேச வேண்டும்.

---

ஷட்டர்வேகம்:

'டாஸ் பூட்' 1981இல் திரைக்கு வந்தது 149 நிமிடம். 1997இல் வந்த இயக்குநர் பதிப்பு ஏறக்குறைய 209 நிமிடம், அதையே பாருங்கள். காத்திருப்பின் சலிப்பு அந்தப் படத்துக்குத் தேவை, குறும்பதிப்பில் அது குறைந்துவிடுகிறது. ஜெர்மன் மொழியில், சப்டைட்டிலோடு. கிசுகிசுப்பாகப் பேசும் இடங்கள் டப்பிங்கில் அடிபட்டுப்போகும். இருட்டும் சிவப்பு விளக்கும் நிறைய வருவதால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஐந்தாவதாக 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) வரட்டும். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த அல்ஜீரிய விடுதலைப் போர். பார்த்தால் அசல் செய்திப்படம் போலிருக்கும், ஆனால் ஒரு அடி செய்திச்சுருள்கூட அதில் இல்லை. நடித்தவர்களில் தொழில்முறை நடிகர் கர்னலாக வரும் ஜான் மார்த்தேன் ஒருவர்தான். போராட்டத் தலைவராக வரும் சாதி யாசெஃப் உண்மையிலேயே அந்தப் போராட்டத்தை நடத்தியவர். மூன்று பெண்கள் குண்டு வைக்கப்போகும் பகுதியில், வெடிக்கும் முன் கேமரா கடையில் இருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டும், ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தை உட்பட. தான் ஆதரிக்கும் தரப்பு கொல்லப்போகிறவர்களின் முகத்தையும் காட்ட ஒரு படத்துக்கு நேர்மை வேண்டும்.

வரிசை: முதல் வாரம் 'பாத்ஸ் ஆஃப் குளோரி', 88 நிமிடம்தான், பேச நேரம் கிடைக்கும். பிறகு 'ரயான்', 'டாஸ் பூட்', 'அல்ஜியர்ஸ்', கடைசியில் 'கம் அண்ட் சீ'. குவாயைச் சேர்ப்பதானால் 'ரயானை' எடுத்துவிடுங்கள், அதை எல்லோரும் பார்த்திருப்பார்கள், கடற்கரைக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். 'கம் அண்ட் சீ' கிட்டத்தட்ட சதுரமான பழைய 4:3 வடிவம். டிவி தானாக இழுத்து அகலமாக்கினால் 'ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்து இருபுறமும் கறுப்புப் பட்டையை விட்டுவிடுங்கள். நேராகக் கேமராவைப் பார்க்கும் முகங்கள் அதில் நிறைய, இழுத்தால் அத்தனையும் கெட்டுவிடும்.